பரோலோவும் பாக்கின் துவர்ப்பும்

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில் சுவிற்சர்லாந்தின் உணவகங்கள் அனைத்தும் ஒரே இரவில் மூடப்பட்டபோது, பேர்ண் நகரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் பரிசாரகராக வேலை செய்துகொண்டிருந்த எனக்கு, பல ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில் இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. பாத்திரம் கழுவுபவனாக அந்தச் சமையலறைக்குள் நுழைந்து, சலாது வெட்டுபவனாகி, பின்னர் மொழி ஓரளவு பிடிபட்டதும் மேசைகளுக்கு அனுப்பப்பட்டவன் நான். பிறருக்காகத் திறந்த, பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு வைன் போத்தல்கள் நூற்றுக்கு மேல் இருக்கும். சொந்தக் காசில் வாங்கியது அதுவரை ஒன்றுகூட இல்லை.

அந்தக் குறையைத் தீர்ப்பதற்காக, முடக்கத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்னர் ஒரு கடையில் 2016ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ ஆறு போத்தல்களை வாங்கியிருந்தேன். ஒன்றின் விலை 72 பிராங்க். இத்தாலியின் பியெமொந்தே மாநிலத்தில் 2016 மிகச் சிறந்த ஆண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். போத்தலின் கழுத்தில் 97 புள்ளி என்று ஓர் அட்டையும் தொங்கியது. கடைக்காரர் அதற்கு மேல் எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து வறுத்த தூளில் நன்றாக உறைக்கச் சமைத்த ஆட்டிறைச்சிக் கறியோடு முதலாவது போத்தலைத் திறந்தேன். மனைவி ஒரு மிடறு குடித்துவிட்டுக் குவளையைத் தள்ளி வைத்தார்.

"இஞ்சேருங்கோ, இதென்ன பாக்கு ஊற வைச்ச தண்ணி மாதிரிக் கிடக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாக்கும் முரசும் ஒட்டிக்கொண்டன. கறியின் உறைப்பு இரண்டு மடங்காகி நெஞ்சு வரை எரிந்தது. ஏமாற்றப்பட்டேன் என்ற கோபத்தில் முதலாளியைத் தொலைபேசியில் அழைத்தேன். பியெமொந்தேயில் பிறந்த அவர் மூன்று கேள்விகள்தான் கேட்டார்: எந்த ஆண்டு, எத்தனை மணிக்குத் திறந்தாய், எதோடு குடித்தாய். மூன்றுக்கும் பதில் சொன்ன பிறகு, அந்த 97 புள்ளி உனக்குத் தரப்பட்டதல்ல, அதை 2030இல் திறக்கப்போகிறவனுக்குத் தரப்பட்டது என்றார். அப்போது அதைப் பகிடியாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை என்று விளங்குவதற்கு, அந்தத் திராட்சை விளையும் மலைச்சரிவில் பத்து நாட்கள் குனிந்து நிமிர வேண்டியிருந்தது.

முதலில் அந்தப் புள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நூறுக்கு இத்தனை என்று வைனுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்க விமர்சகர். அந்த அளவுகோல் பூச்சியத்திலிருந்து அல்ல, ஐம்பதிலிருந்து தொடங்குகிறது. ஆகவே 85 என்பது நம் பள்ளிக்கூடத்துக் கணக்கில் தோன்றுவதைப் போல அவ்வளவு பெரிய எண் அல்ல. அதைவிட முக்கியமானது, நீண்டகாலம் முதிரக்கூடிய வைனுக்கு விமர்சகர் தரும் எண்ணில், அன்று வாயில் பட்ட சுவையோடு, அது இனி என்னவாக வளரும் என்ற அவருடைய கணிப்பும் சேர்ந்திருக்கிறது. கணிப்பு என்றால் பிழைக்கவும் செய்யும். 2000ஆம் ஆண்டின் பியெமொந்தே விளைச்சலுக்கு ஒரு பெரிய அமெரிக்க இதழ் முழுதாக 100 புள்ளி கொடுத்தது. அந்த வெப்பமான ஆண்டின் வைன்களைவிட, அதற்கு முன்னும் பின்னும் வந்த 1999, 2001 ஆகிய ஆண்டுகளின் வைன்களையே இன்று பலர் மேலாக மதிக்கிறார்கள். நல்ல விமர்சகர்கள் புள்ளியோடு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை குடிக்கலாம் என்றும் எழுதுகிறார்கள். அட்டை அச்சடிக்கும் வியாபாரி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஆண்டுகளை விட்டுவிடுகிறார். நான் படித்த முதலாவது பாடம் அதுதான்: எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டு இல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பி வாங்க வேண்டாம்.

இனி, மனைவி சொன்ன பாக்குக்கு வருகிறேன். சிவப்பு வைனைப் பற்றி ஐரோப்பியர்களிடம் பேசும்போது இந்தச் சுவையை விளக்க அவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். உலர்கிறது, இறுக்குகிறது, உறுத்துகிறது என்று சுற்றி வளைப்பார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை வைத்த மொழி நம்முடையது. யாழ்ப்பாணத்தில் கயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். பாக்கிலும் கடுக்காயிலும் நாவற்பழத்திலும் வாழைப்பூவிலும் இருப்பதைப் போன்ற தனின் என்ற பொருள்தான் திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வைனுக்குள் இறங்குகிறது. உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாயின் வழுவழுப்புப் போய்விடுகிறது. வாழைப்பூவை மோரில் ஊறப்போட்டுக் கயரெடுக்கும்போது அம்மா செய்ததும், வெறும் தேநீரில் பால் ஊற்றும்போது நாம் செய்வதும் இதே வேதியியல்தான்: தனினுக்கு ஒட்டிக்கொள்ள வேறொரு புரதத்தைக் கொடுத்துவிடுகிறோம். பியெமொந்தேக்காரர்கள் பரோலோவை மெதுவாக வெந்த மாட்டிறைச்சியோடும், முட்டை மஞ்சட்கரு நிறையச் சேர்த்துப் பிசைந்த தயரின் என்ற மெல்லிய நூடுல்ஸோடும், முதிர்ந்த பாற்கட்டியோடும் குடிப்பதற்கும் காரணம் இதுவே. மிளகாய்க்கு அந்த வேலை தெரியாது. மதுவின் சூடும் தனினின் உரசலும் மிளகாயின் எரிச்சலும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த பிழையின் பாதி அங்கேதான் இருந்தது.

மற்றப் பாதி வயது. பரோலோ முழுக்க முழுக்க நெப்பியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்துதான் செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தத் திராட்சையின் வைன் பார்வைக்கு வெளிறியது, கண்ணாடிக் குவளைக்குப் பின்னால் விரலை வைத்தால் தெரியும். சில ஆண்டுகளில் விளிம்பு செங்கல் நிறமாகிவிடும். நிறத்தைப் பார்த்து மென்மையானது என்று நினைத்தவன் முதல் மிடற்றில் திடுக்கிடுவான், ஏனென்றால் தனினும் புளிப்பும் இரண்டுமே இதில் உச்சத்தில் இருக்கின்றன. 1787இல் தொரினோவில் இந்தத் திராட்சையின் வைனைக் குடித்த, பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன், அது மதேரா போல இனிப்பாகவும், போர்தோ போலத் துவர்ப்பாகவும், ஷாம்பெய்ன் போலத் துள்ளலாகவும் இருந்ததாகக் குறித்து வைத்தார். இனிப்பும் துள்ளலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறைந்து அது உலர் வைனாக மாறியது. பரோலோவின் சீமாட்டி ஜூலியா கொல்பேர்ட் ஃபல்லெத்தியும், பின்னாளில் ஐக்கிய இத்தாலியின் முதற் பிரதமரான காவூரும் அந்த மாற்றத்தோடு தொடர்புபடுத்தப்படுகிறார்கள். துவர்ப்பு மட்டும் போகவில்லை.

அதற்கு மருந்து காலம் ஒன்றுதான் என்பதால், காலத்தைச் சட்டமே பாதி வழி வரை சுமக்கிறது. அறுவடை ஆண்டின் நவம்பர் முதலாந் திகதியிலிருந்து எண்ணி 38 மாதங்கள், அவற்றில் குறைந்தது 18 மாதங்கள் மரப்பீப்பாயில், முதிர்ந்த பின்னரே பரோலோவை விற்கலாம். ரிசெர்வா என்று எழுத வேண்டுமானால் 62 மாதங்கள். நான் வாங்கிய 2016 விற்பனைக்கு வரக்கூடிய முதல் நாள் 2020 ஜனவரி முதலாந் திகதி. சட்டம் இறக்கி வைத்த அந்த இடத்திலேயே, மீதி வழியை நான் நடக்காமல், போத்தலைத் திறந்துவிட்டேன். கள்ளைக் காலையில் இறக்கி மாலைக்குள் குடித்து முடிக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்குப் பழக நாள் எடுத்தது.

2021 ஒக்டோபரில், முதலாளியின் உறவினர் ஒருவருக்குச் செர்ரலுங்கா தால்பா என்ற ஊரில் சொந்தமான திராட்சைத் தோட்டத்தில் அறுவடைக்கு ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டு, என் விடுமுறையில் பத்து நாட்களை அங்கே கழிக்கக் கேட்டுப் போனேன். பேர்ணிலிருந்து மார்த்தின்யி வழியாகப் பெரிய சென் பெர்னார் சுரங்கத்தைக் கடந்து, ஆவோஸ்தா, தொரினோ என்று இறங்கி ஆல்பாவை அடைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம். ஆல்பா, நுத்தெல்லா என்ற ஹேசல் கொட்டைப் பசை செய்யும் ஃபெரேரோ நிறுவனத்தின் ஊர். சரிவுகளில் திராட்சை ஏறாத பக்கமெல்லாம் கொட்டைமரங்கள் நிற்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. அதற்குத் தெற்கே லாங்கே என்று அழைக்கப்படும் குன்றுகள் தொடங்குகின்றன. 2014இல் யுனெஸ்கோ இந்தத் திராட்சை நிலத்தோற்றத்தை உலக மரபுச் சின்னமாக்கியது. பரோலோ என்பது ஓர் ஊரின் பெயராக இருந்தாலும், அந்தப் பெயரில் வைன் செய்யும் உரிமை பதினொரு ஊர்களுக்கு இருக்கிறது. பரோலோ, செர்ரலுங்கா, காஸ்தில்யோனே ஃபல்லெத்தோ ஆகிய மூன்றும் முழுமையாகவும், லா மோர்ரா, மொன்ஃபோர்த்தே, நொவெல்லோ, வெர்துனோ முதலிய எட்டும் பகுதியாகவும் எல்லைக்குள் வருகின்றன.

முதல் நாட் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தின் மேல் விளிம்பில் நின்றபோது பள்ளத்தாக்கு முழுவதும் பாலை ஊற்றியது போல மூடுபனி கிடந்தது. எதிர்க் குன்றுகளின் உச்சிகளும் ஒரு கோட்டைக் கோபுரமும் மட்டும் அதற்கு மேல் தெரிந்தன. இத்தாலியில் மூடுபனிக்கு நெப்பியா என்று பெயர், திராட்சையின் பெயரும் அதிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். பனி மேலேறி வரும்போது, தோட்டக்காரர் தன் காலடியைக் காட்டி, இந்தக் கோட்டுக்குக் கீழே நெப்பியோலோ வைப்பதில்லை என்றார். இளவேனிலில் எல்லாவற்றுக்கும் முன்னால் துளிர்த்து, இலையுதிர் காலத்தில் எல்லாவற்றுக்கும் பின்னால் பழுக்கும் கொடி அது. பள்ளத்தின் குளிரில் அது பழுக்காது. வடக்குப் பார்த்த சரிவிலும் பழுக்காது. அதனால்தான் வடக்கு முகச் சரிவுகளையும் பள்ளத்தாக்கின் அடியையும் பரோலோவுக்குச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 170 மீற்றருக்கும் 540 மீற்றருக்கும் இடைப்பட்ட சரிவுகளே ஏற்கப்படும். வெயில் நன்றாக விழும் தெற்கு முகத்துக்கு அங்கே சோரி என்று தனிப் பெயர், குன்றின் உச்சிக்குப் பிரிக்கோ. போத்தல்களில் இந்தச் சொற்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்தும், அவை வெயிலின் கணக்கு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

என் அம்மப்பா உரும்பிராயில் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தார். சிவந்த மண், கிணற்றுத் தண்ணீர், தலைக்கு மேல் பந்தல், பந்தலுக்குக் கீழே நிழல். கவ்வாத்துப் பண்ணிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் பழம், ஆண்டுக்கு இரண்டு போகம். எங்கள் கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் கிடையாது. செர்ரலுங்காவில் கொடி நவம்பரில் இலையை உதிர்த்துவிட்டு மார்ச் வரை கட்டைபோலக் கிடக்கிறது. கிணற்றுத் தண்ணீர் இல்லை, பந்தல் இல்லை, கம்பியில் இடுப்புயரத்துக்குக் கட்டப்பட்டு ஒவ்வொரு இலையும் வெயிலுக்கு நீட்டப்பட்டிருக்கிறது. கோடையில் பச்சைக் குலைகளில் ஒரு பகுதியை வெட்டி நிலத்தில் எறிந்துவிடுவார்களாம். ஒரு ஹெக்டேருக்கு 8 தொன்னுக்கு மேல் பழம் எடுக்கக் கூடாது என்பது சட்டம்; நல்ல தோட்டக்காரர் அதற்கும் குறைத்தே எடுக்கிறார். அம்மப்பா இதைப் பார்த்திருந்தால் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பார்.

அறுவடை வேலையில் அழகு ஒன்றும் இல்லை. சரிவில் ஒரு கால் எப்போதும் மற்றக் காலைவிடத் தாழ்வாக நிற்கும். மூன்றாம் நாள் என் இடது முழங்கால் வீங்கிவிட்டது. சாம்பல் நிறக் களிச்சுண்ண மண் பனி ஈரத்தில் சப்பாத்தோடு ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் அரைக் கிலோ கூடியது. குலையைக் கத்தரித்துக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அழுகிய மணிகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கூடைக்குள் வைக்க வேண்டும். என்னோடு வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் மகெதோனியாவிலிருந்து ஆண்டுதோறும் வருகிறவர்கள். நான் ஒரு குலையை முடிப்பதற்குள் அவர்கள் மூன்றை முடித்தார்கள். உலகின் விலையுயர்ந்த மேசைகளுக்குப் போகும் அந்தப் போத்தல்களில் அவர்களுடைய பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை என்பதை, அதே மேசைகளுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய ஒருவனாகச் சொல்லி வைக்கிறேன்.

அங்கே கற்றவற்றில் மிகவும் பயனுள்ளது விதையைக் கடித்துப் பார்ப்பது. எப்போது பறிப்பது என்று முடிவெடுக்கச் சர்க்கரை அளவைக் கருவியில் பார்த்த பிறகும், தோட்டக்காரர் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு மணியை வாயில் போட்டு, சாற்றை விழுங்கி, தோலை மென்று, கடைசியில் விதையைக் கடித்தார். பச்சை விதை கசந்து கயர்க்கும். கபிலநிறமாகி மொறுமொறுத்தால், வறுத்த கொட்டையின் மணம் வந்தால், பறிக்கலாம். துவர்ப்பில் இரண்டு வகை உண்டு என்பதை என் நாக்கு அங்கே படித்தது. பழுக்காத துவர்ப்பு இளம் வாழைக்காய் போன்றது, எத்தனை ஆண்டுகள் வைத்தாலும் அது இளகப் போவதில்லை. பழுத்த துவர்ப்பு நல்ல பாக்கைப் போன்றது, முதலில் இறுக்கி, பிறகு ஒரு மணத்தை விட்டுச் செல்லும். இளம் பரோலோவை இன்று சுவைக்கும்போது, வாய் உலர்கிறதா என்று நான் கேட்பதில்லை, அது உலரத்தான் செய்யும்; உலர்ந்த பிறகு வாயில் கசப்பு நிற்கிறதா, பழத்தின் மணம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

ஒரு ஞாயிறு ஓய்வுநாளில் லா மோர்ராவின் உச்சியில் உள்ள திடலுக்குப் போனேன். பரோலோ நிலம் முழுவதையும் அங்கிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். ஆல்பாவிலிருந்து பரோலோவுக்குப் போகும் சாலை ஏறத்தாழ ஓர் எல்லைக்கோடு போன்றது என்று அங்கே சொல்கிறார்கள். அதற்கு மேற்கே, லா மோர்ராவிலும் பரோலோவின் பெரும் பகுதியிலும், நீலச்சாம்பல் நிறக் களிச்சுண்ண மண். அந்த வைன்கள் மணமிக்கவை, சற்று முன்னதாகவே இளகுபவை. கிழக்கே, செர்ரலுங்காவிலும் மொன்ஃபோர்த்தேயிலும், அதைவிடப் பழைய, மணற்கல் கலந்த மண்; அந்த வைன்கள் இறுக்கமானவை, நீண்டகாலம் நிற்பவை. இரண்டுமே ஒரு காலத்தில் கடலடி. இந்த எல்லைக்குள்ளேயே ஒவ்வொரு சரிவுக்கும் தனிப்பெயர் உண்டு. 2010இல் அவற்றைச் சட்டபூர்வமாக வரையறுத்தபோது ஊர்ப்பெயர்கள் பதினொன்றையும் சேர்த்து 181 பெயர்கள் பட்டியலுக்கு வந்தன. இவற்றுள் மிகப் புகழ்பெற்ற கன்னூபியின் பெயர் எழுதப்பட்ட 1752ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தத் திடலில் நின்றபோதுதான், நான் வாங்கிய போத்தலில் செர்ரலுங்கா என்று எழுதியிருந்ததன் பொருள் விளங்கியது: பதினொரு ஊர்களிலும் மிக இறுக்கமான வைன் தரும் ஊர்களில் ஒன்றின், நீண்டகாலம் நிற்கக்கூடிய ஓர் ஆண்டின் போத்தலை, அதன் முதல் மாதங்களிலேயே திறந்திருக்கிறேன். லா மோர்ராவின் 2012ஐயோ 2014ஐயோ வாங்கியிருந்தால் புள்ளி குறைந்திருக்கும், குடித்திருக்கலாம்.

மண்ணைப் போலவே தயாரிப்பவரின் கையும் முக்கியம். 1980களில் இளம் தலைமுறையினர் சிலர், முப்பது நாற்பது நாள் தோலோடு ஊறவிட்டு, ஸ்லவோனிய ஓக் மரத்தின் பிரமாண்டமான பீப்பாய்களில் பல ஆண்டுகள் வைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஊறும் நாட்களைக் குறைத்து, பாரிக் எனப்படும் 225 லீற்றர்ப் பிரெஞ்சுச் சிறு பீப்பாய்களுக்கு மாறினார்கள். அவர்களில் ஒருவரான எலியோ அல்தாரே தன் தகப்பனாரின் பழைய பீப்பாய்களைச் சங்கிலி வாளால் அறுத்தெறிந்ததும், தகப்பனார் அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதியதும் அந்த ஊர்களில் இன்றும் கதையாகச் சொல்லப்படுகின்றன. மறுபக்கம், பழைய முறையை விடாத பர்த்தோலோ மஸ்கரெல்லோ, பாரிக்கும் வேண்டாம் அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம் என்று தன் கையால் வரைந்த முகப்பை ஒட்டி வைனை விற்றார். இப்போது சண்டை ஓய்ந்துவிட்டது, இரு தரப்பும் ஒன்றிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டன, பெரிய பீப்பாய்களும் திரும்பி வந்துவிட்டன. என் சாய்வு பெரிய பீப்பாய்க்கே. புதுச் சிறு பீப்பாயின் வனிலா மணம், ரோசாவும் தாரும் கலந்த நெப்பியோலோவின் மணத்தை, சாம்பாறில் ஏலக்காய் போட்டது போல மறைக்கிறது என்பது என் அபிப்பிராயம். எந்தப் பீப்பாயில் வைத்தது என்பது வாங்குகிறவர் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, போத்தலில் பெரும்பாலும் எழுதியிருக்காது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சிறு குடும்பங்கள். முன்கூட்டி எழுதிக் கேட்காமல் வாசலில் போய் நின்றால் திறக்க மாட்டார்கள், அறுவடைக் காலத்தில் கேட்டாலும் திறக்க மாட்டார்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானின் சந்தை நடப்பதால் அறைகளின் விலை ஏறிவிடும்; மே மாதம் நல்லது. ஒரே இடத்தில் பல ஊர்களின் பரோலோவைச் சிறு அளவில் ஒப்பிட்டுச் சுவைக்க, பரோலோ கோட்டையின் நிலவறையில் உள்ள பிராந்திய வைன் நிலையத்துக்குப் போகலாம். சுவைத்ததைத் துப்புவதில் வெட்கமில்லை, அதற்கென்றே பாத்திரம் வைத்திருக்கிறார்கள். வளைந்து வளைந்து இறங்கும் அந்தச் சாலைகளில் லீற்றருக்கு 0.5 கிராம் என்ற இரத்த மது எல்லையை, துப்பாமல் விழுங்கும் சில சுவைப்புகளே எட்டச்செய்துவிடலாம். சுவிற்சர்லாந்துக்குத் திரும்புகிறவர் ஒருவர் 5 லீற்றர் வைன் வரை தீர்வையின்றிக் கொண்டு வரலாம். ஆறு போத்தல் 4.5 லீற்றர். ஆனால் பொருட்களின் மொத்தப் பெறுமதிக்கான விலக்கு 2025இலிருந்து ஆளுக்கு 150 பிராங்காகக் குறைக்கப்பட்டுவிட்டதால், ஆறு நல்ல பரோலோவுக்கு வரி கட்டியே ஆக வேண்டும். எல்லையில் மறைத்து வைத்து வியர்ப்பதைவிடத் தொலைபேசிச் செயலியில் கட்டிவிட்டு நிம்மதியாக வரலாம்.

அவசரக்காரருக்கு ஒரு வழியும் இருக்கிறது. நல்ல பரோலோ செய்கிறவர்களில் பலர், தங்கள் இளங்கொடிகளின் அல்லது சற்றுக் குறைந்த சரிவுகளின் பழத்தை லாங்கே நெப்பியோலோ என்ற பெயரில் விற்கிறார்கள். அதே கை, அதே திராட்சை, குறைந்த விலை, இன்றே குடிக்கலாம். நம் உறைப்புக் கறிகளோடுதான் குடிப்பேன் என்பவர்கள் நெப்பியோலோவை விட்டுவிட்டு, அதே குன்றுகளில் விளையும் பார்பேராவை எடுக்கலாம். அதில் புளிப்பு உண்டு, துவர்ப்பு மிகக் குறைவு, கறியோடு சண்டை பிடிக்காது. எங்கள் வீட்டில் இப்போது அதுதான் ஞாயிற்றுக்கிழமை வைன். மனைவி மறுப்புச் சொல்வதில்லை.

மீதி ஐந்து போத்தல்களின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் கெல்லர் என்ற நிலக்கீழ்ச் சாமான் அறை உண்டு. எங்களுடையது சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதற் கோடையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, உலர்த்தும் இயந்திரம் ஓடும் நாட்களில் சுவரோரம் 24 பாகை காட்டியது. போத்தல்களை எதிர்ச் சுவரின் அடித்தட்டுக்கு மாற்றிப் படுக்க வைத்தேன். இப்போது கோடையிலும் 16க்கு மேல் போவதில்லை. இரண்டாவது போத்தலை 2022இல் திறந்தேன். நனைந்த பத்திரிகைத்தாளின் நாற்றம். தக்கையிலிருந்து வரும் பழுது அது, காற்றோட்டத்தில் போகாது, வைத்தால் கூடும். உணவகத்தில் இப்படியான போத்தலை விருந்தினர் திருப்பி அனுப்பும்போது முகஞ்சுழிக்காமல் வாங்கிப்போன நான், என் சொந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு ஊற்றிவிட்டேன். இன்று அப்படிச் செய்ய மாட்டேன். தக்கையையும் மீதி வைனையும் வைத்திருந்து கடைக்குக் கொண்டுபோனால் நல்ல கடை மாற்றித் தரும்.

மூன்றாவதை 2024 டிசெம்பரில், இம்முறை முறைப்படி திறந்தேன். முதல் நாளே போத்தலை நிமிர்த்தி வைத்து வண்டலை அடியில் இறங்கவிட்டேன். மதியம் திறந்து, அகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் மெதுவாக ஊற்றி, வண்டல் தெரிந்ததும் நிறுத்தி, மாலை வரை அறையின் குளிர்ந்த மூலையில் வைத்திருந்தேன்; பரிமாறும்போது 17 பாகை. மிளகாய் இல்லாமல், மல்லியும் பெருஞ்சீரகமும் மிளகும் வறுத்து அரைத்து, தேங்காய்ப்பாலில் நான்கு மணித்தியாலம் மெதுவாக அவித்த ஆட்டுக்காலை மனைவி சமைத்திருந்தார். வைன் இன்னும் இறுக்கமாகவே இருந்தது; ஆனாலும் கொழுப்பும் பாலும் அந்த இறுக்கத்தை வாங்கிக்கொள்ள, அதன் பின்னால் காய்ந்த ரோசாவிதழின் மணம், பிறகு மழை பெய்த தார் வீதியின் மணம் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. மனைவி முதல் மிடறைக் குடித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"பாக்குத்தான். ஆனா இப்ப வெத்திலையும் சேர்ந்திருக்கு" என்றார்.

மூன்று போத்தல்கள் மிச்சம். அடித்தட்டில் அவற்றின் கழுத்தில் தொங்கிய 97 புள்ளி அட்டைகளைக் கழற்றிவிட்டு, வேறு மூன்று அட்டைகளைக் கட்டியிருக்கிறேன்: 2028, 2031, 2036.